ஒரு வரிக்காகப் போராடிய எலிசபெத் செல்பெர்ட்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜெர்மனியின் பெண் அரசியல்வாதிகள் என்றதும் நம் பேச்சு அங்கெலா மெர்கலோடு நின்றுவிடுவதால், எலிசபெத் செல்பெர்ட்டைப் பற்றி எழுத விரும்புகிறேன். 1896-இல் காசெல் நகரில் பிறந்த அவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பின்னரே பள்ளி இறுதித் தேர்வைத் தனித்தேர்வராக எழுதி, சட்டம் பயின்று, 1930-இல் முனைவர் பட்டம் பெற்றார். பெண்கள் வழக்கறிஞராவதை நாஜி அரசு தடுப்பதற்குச் சற்று முன்பு, 1934-இல், தொழில் உரிமம் பெற்றார்.

போருக்குப் பின் அரசமைப்பை வகுக்க பான் நகரில் கூடிய 65 உறுப்பினர்களில் பெண்கள் நால்வரே; அவர்களில் ஒருவர் செல்பெர்ட். "ஆண்களும் பெண்களும் சம உரிமை உடையவர்கள்" என்ற ஒற்றை வரியைச் சேர்க்க அவர் கோரியபோது, சொந்தக் கட்சியினரே முதலில் தயங்கினர். குழுவிலும் அது தோற்றது. அவர் ஓயவில்லை. ஊர் ஊராகச் சென்று பேசினார். பெண்களின் கடிதங்கள் கூடை கூடையாக வந்து குவிந்தன. 1949 ஜனவரி 18 அன்று அவ்வரி ஏற்கப்பட்டது. இத்தனைக்கும், அவ்வாண்டு நடந்த முதல் கூட்டாட்சி நாடாளுமன்றத் தேர்தலில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை என்பது மிகவும் வேதனைக்குரியது.

யார் மீது குற்றம் என்று பாராமல், முறிந்துபோன மணவாழ்விலிருந்து விடுதலை வழங்க வேண்டும் என்று முனைவர் பட்ட ஆய்வில் அவர் வாதிட்டது 1977-இல்தான் சட்டமாக நடைமுறைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 80.

இப்படிக்கு,
வாசகி, திருச்சி.