குழாய்ச் சத்தம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா நலம். முழங்கால் வலி பரவாயில்லை, மாடி ஏறுவதைக் குறைத்துக்கொண்டாள். அக்கா பையன் நீச்சல் கற்றுக்கொள்கிறான். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? மூன்று வாரமாக அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். வேலை அதிகமாம். இருக்கட்டும்.

போன தடவை தண்ணீர் வீணாகிறது என்று குளியலறைக் கதவைத் தட்டிச் சத்தம் போட்டேனே, அதைப் பற்றி எழுத நாலு நாளாக உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நாற்பது நிமிடம் குழாய் ஓடியது. நீ வெளியே வந்தபோது தலை நனையவில்லை, உடம்பில் அதே சட்டை, மேலுதட்டில் வியர்வை. அந்தக் குழாய் எதற்கு என்று எனக்குத் தெரியாதா? இருபது வருடம் நானும் திறந்துவிட்டவன்தான்.

அப்பா தினமும் ஒரு மணி நேரம் முன்னதாகவே ஆபீசுக்குக் கிளம்புவார், அவ்வளவு பொறுப்பு என்று பள்ளிக்கூடக் கட்டுரையில் எழுதினாயே. என்னுடைய அந்தப் பொறுப்பு இதுதான். வழியில் எங்கெங்கே கழிப்பறை, எது பூட்டியிருக்கும், எதில் தண்ணீர் வராது, எல்லாம் மனப்பாடம். அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

பாலை நிறுத்தினாய், கோதுமையை நிறுத்தினாய், அப்புறம் வெங்காயம், பூண்டு. இப்போது தட்டில் என்னதான் மிச்சம்? முதலில் ஒரு நல்ல டாக்டரைப் பார். எனக்கு இருப்பது போல ஐபிஎஸ் (IBS) என்கிற குடல் கோளாறு என்றே அவர் சொன்னாலும், உணவைக் குறைப்பது பத்தியம் மாதிரி ஆயுள் முழுக்க இல்லை. நாலு, ஆறு வாரம் நிறுத்திப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது ஆகிறது, எது ஆகவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். அதையும் உணவு ஆலோசகர் ஒருவர் கூட இருந்து செய்வது நல்லது. கோதுமையை நீயாக நிறுத்தியதை டாக்டரிடம் மறக்காமல் சொல். கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய் உண்டா என்று ரத்தத்தில் பார்ப்பார்கள். கோதுமை சாப்பிடாமல் இருந்தால் அந்தப் பரிசோதனை ஏமாற்றிவிடும்.

என்னிடம் என் டாக்டர் முதலில் கேட்டது இவைதான்: ரத்தம் போகிறதா, எடை தானாகக் குறைகிறதா, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுகிறதா, ரத்தசோகை உண்டா. உனக்கு இதில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதே. இளைத்துத்தான் தெரிகிறாய், அதனால்தான் சொல்கிறேன். எதுவும் இல்லையென்றால் பயமில்லை. இந்த ஐபிஎஸ் குடலைப் புண்ணாக்காது, புற்றுநோயாகவும் மாறாது. ஆனால் வலி பொய்யில்லை. குடலுக்கும் மூளைக்கும் நடுவே போகிற சேதிதான் கோளாறு, குடல் சும்மா அசைந்தாலே வலியாகத் தெரிகிறது என்றார்.

நார்ச்சத்து நல்லது என்று கேள்விப்பட்டு நானாகத் தவிடு தின்று இன்னும் கெடுத்துக்கொண்டேன். இசப்கோல்தான் ஒத்துக்கொண்டது, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நிறையத் தண்ணீரோடு. அப்புறம் ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின் 10 மி.கி. எழுதினார். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரை என்று மருந்துக் கடைக்காரர் சொன்னதும், என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிட்டார் போல என்று மூன்று மாதம் மேஜை டிராயரில் பூட்டிவைத்தேன். இவ்வளவு குறைந்த அளவில் அது குடல் நரம்புகளைச் சாந்தப்படுத்தத்தானாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கத்தான் வெட்கம். அப்புறம் சாப்பிட்டேன், சில வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. உனக்கு அது சரிவருமா என்று நான் சொல்லக் கூடாது. டாக்டரைப் பார்.

பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை அன்று காலையில் வயிறு வலிக்கிறது என்றாய். நடிக்காதே, கிளம்பு என்றேன். அன்று எனக்கே மூன்று தடவை போயிருந்தது, தம்பி. ஆபீசில் ஆய்வு. கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற உன்னைப் பார்த்ததுமே என்னவென்று தெரிந்தது. ஒத்துக்கொண்டால் என்னுடையதும் வெளியே வந்துவிடும். அதற்காக உன்னை அனுப்பினேன். நீ தொண்ணூற்று நாலு வாங்கினாய். நான் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அக்கா வீட்டு விசேஷத்துக்கு நீ வராததற்கு அம்மாவுக்கு வருத்தம்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பின்னறையை ஒட்டிய குளியலறைக்குத் தாழ்ப்பாள் மாற்றிவிட்டேன். அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. அடுத்த முறை வந்தால் அந்த அறையிலேயே படுத்துக்கொள். தொட்டியில் தண்ணீர் நிறைய இருக்கிறது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திறந்துவிடு.

அப்பா