மதினிக்கு: சட்டி உங்களிடமே இருக்கட்டும்

மதினிக்கு,

இரும்புச் சட்டி உங்களிடமே இருக்கட்டும். முடிவு செய்துவிட்டேன். காலையில் அண்ணனிடம் சொன்னேன், "சரி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். நீங்கள் பக்கத்தில்தான் இருந்திருப்பீர்கள்.

போனிலேயே உங்களிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் இரண்டு பேரும் பேசினால் பிள்ளைகள் படிப்பு, அங்கே மழை உண்டா என்பதற்கு மேல் பேச்சு நகர்வதில்லை. எனக்கு எழுதினால்தான் வரும். இதை உங்கள் மகள் உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள் என்று தெரியும். நம் ஆட்கள் இன்னும் நாலு பேர் படிப்பார்கள் என்றும் தெரியும். அதனால் பதினாறாம் நாள் யார் என்ன சொன்னார்கள் என்பதற்குள் நான் போகவில்லை. சட்டியைக் கேட்டேன். அத்தனை பேரை வைத்துக்கொண்டு கேட்டது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று புரிகிறது, அதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். கேட்டதற்கு அல்ல. அம்மா புழங்கிய சட்டியின் மேல் மகளுக்கு ஆசை இருக்கக் கூடாதா? நகையையா கேட்டேன்?

சரி, அதை விடுவோம்.

அடுத்த வாரம் திதி. படையலில் கடலை மிட்டாய் வைக்க வேண்டும் என்றேன். "கோவில்பட்டியில் இல்லாத மிட்டாயா, வாங்கிக்கிடலாம்" என்றார் அண்ணன். வாங்கலாம்தான். நம் ஊர் மிட்டாயில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 2020 ஏப்ரல் கடைசியில் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரடங்கு. அம்மா எனக்குப் போன் போட்டு, "நம்ம மிட்டாய்க்குக் கவர்மெண்டுல பட்டயம் குடுத்திருக்காம்ல, வாங்கித் திங்கத்தான் வெளிய போக முடியல" என்று சிரித்தாள். அந்த வாரம் நீங்கள் இரண்டு பேரும் வீட்டிலேயே போட்டீர்கள். இங்கே சென்னையில் உட்கார்ந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கேமராவைச் சட்டிக்கு நேராகப் பிடித்ததால் உங்கள் முகம் தெரியவில்லை, கைகள் மட்டும் தெரிந்தன. அம்மாவுக்குக் கடையில் வாங்கியதை வைத்தால் ஏற்றுக்கொள்ள மாட்டாள் என்று சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

எனக்கு வேறொரு நாள்தான் ஓயாமல் நினைவில் ஓடுகிறது. போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி, ஐப்பசி மழை. நீங்கள் தார்சாவில் உட்கார்ந்து வறுத்த கடலையை உள்ளங்கையில் தேய்த்துத் தேய்த்துச் சுளகில் புடைத்துக்கொண்டிருந்தீர்கள். அம்மா அதைக் குவியலாகத் தன் முன்னால் இழுத்து, சொத்தையையும் சூம்பிப்போனதையும் பொறுக்கினாள். கரிசல் காட்டுக் கடலை, எண்ணெய்ச் சத்து நிறைந்தது, வறுத்த வாசனை தெருமுனை வரை போகும். ஆனால் ஒரே ஒரு காறல் கடலை போதும், அது சிக்கிய வில்லையைக் கடித்தவர் அப்புறம் டப்பா பக்கமே வர மாட்டார். அம்மா விரலால் தடவித் தடவித்தான் பொறுக்கினாள். குனிந்து பார்க்கவேயில்லை. எத்தனை வருஷப் பழக்கம் என்று நான் வியந்துகொண்டு நின்றேன்.

அப்புறம் அடுப்படி. மண்டைவெல்லத்தைத் தட்டிக் கொஞ்சமாய்த் தண்ணீர் விட்டுக் கரைத்து, துணியில் வடிகட்டி, அடியில் தங்கிய மண்ணை நீங்கள் வெளியே கொட்டினீர்கள். பாகு சட்டியில் ஏறியது. முதலில் நுரை பெரிதாகப் பொங்கும், தண்ணீர் வற்ற வற்றக் குமிழி சிறுத்துக் கனத்துப்போகும், கரண்டியிலிருந்து விழுவதே மெதுவாகும். அம்மா கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டாள். விரலுக்குள் மெத்தென்று உருண்டது. "அதிரசத்துக்கு ஆச்சு" என்றாள். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. கெட்டி உருண்டை, ஆனால் பல்லில் இழுக்கும். "பொரி உருண்டைக்கு ஆச்சு." மூன்றாவது சொட்டைத் தண்ணீரிலிருந்து எடுத்து எவர்சில்வர் தட்டில் எறிந்தாள். டங்கென்று விழுந்தது. எனக்கும் கேட்டது மதினி. அந்தச் சத்தத்தை நீங்கள் அந்த வீட்டுக்கு வருவதற்கு ரொம்ப முன்னாலேயே நான் கேட்டு வளர்ந்தவள். அம்மாவின் தோளை ஒட்டித்தான் நின்றேன். அவள் என்னைத் தாண்டி உங்கள் பக்கம் முகத்தைத் திருப்பி, "ஆச்சா தாயி?" என்றாள்.

நீங்கள் "ஆச்சு அத்தை" என்று சொல்லி முடிக்கும் முன்பே சட்டியை இறக்கிவிட்டீர்கள். அதுதான் சரி. இரும்பு சூட்டை விடாது, தீயை அணைத்தாலும் பாகு முறுகிக்கொண்டேதான் போகும், கொஞ்சம் அசந்தால் கசந்துவிடும். கடலையைக் கொட்டி நாலு புரட்டுப் புரட்டி, நெய் தடவிய தாம்பாளத்தில் சாய்த்துக் கட்டையை உருட்டினீர்கள். அம்மா ஓரத்தைத் தட்டிச் சமன் செய்யக் கையை நீட்டினாள். கை நேராகப் பாகின் நடுவுக்குப் போனது. நீங்கள் எதுவும் பேசாமல் அந்த மணிக்கட்டைப் பிடித்து, தாம்பாளத்தின் விளிம்பில் கொண்டுபோய் வைத்தீர்கள். அவளும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல ஓரத்தைத் தட்டினாள். பலநாள் பழக்கம் உங்கள் இரண்டு பேருக்கும்.

அம்மாவுக்குக் கண் தெரியவில்லை என்று நான் தெரிந்துகொண்டது அப்படித்தான்.

அந்தக் கையைப் பிடித்த விதத்துக்கு உங்களுக்கு நான் என்ன செய்தாலும் தகும். பெற்ற பிள்ளையாய் இருந்தும் எனக்கு அவ்வளவு பக்குவமாய்ப் பிடிக்க வந்திருக்குமா தெரியவில்லை. ஆனால் ஏன் மதினி என்னிடம் சொல்லவில்லை? ராத்திரி கேட்டதற்கு, "அத்தைதான் சொல்ல வேண்டாம்னாங்க" என்றீர்கள். அவள் அப்படித்தான் சொல்வாள், அது உங்களுக்கும் தெரியும். அவள் சொல்ல வேண்டாம் என்றதை எல்லாம் சொல்லாமல் இருப்பதென்றால் தூரத்தில் இருக்கிறவள் எதை வைத்துத் தெரிந்துகொள்வாள்? வீடியோவில் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், "வெளிச்சம் கூசுது" என்பாள், நான் நம்பினேன். கடைசியில் அவள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டதுகூட உங்கள் மகள் வாய்தவறிச் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. லீவு, பிள்ளைகளுக்குப் பரீட்சை, இங்கே என் மாமியாருக்கு முடியாமல் போனது எல்லாம் உண்மை. வராமல் இருக்க நான் காரணம் தேடவில்லை. ஒரு வார்த்தை வந்திருந்தால் அன்று ராத்திரியே பஸ் ஏறியிருப்பேன். இதற்கு மேல் இங்கே எழுத முடியாது. ஆஸ்பத்திரி விஷயத்தில் அண்ணன் எடுத்த முடிவைப் பற்றியும் இங்கே எழுதவில்லை. நேரில் பேசலாம், பேசித்தான் ஆக வேண்டும்.

நான் இங்கே போடும் மிட்டாயைப் பற்றிச் சொல்கிறேன். முதலில் ஒட்டாத சட்டியில் வைத்தேன். உட்புறம் கறுப்பாக இருப்பதால் பாகின் நிறம் தெரியவில்லை, அத்தனை சூடு அந்தப் பூச்சுக்கும் ஆகாது. இப்போது அடிகனமான எவர்சில்வர் பாத்திரம். பாகுக்கென்று விற்கும் வெப்பமானி ஒன்றும் வாங்கினேன். அம்மா எறிந்து பார்த்த டங் சத்தம் 150 டிகிரியை ஒட்டி வருகிறது. அந்தப் பதத்தில் பாகில் தண்ணீர் நூற்றுக்கு ஒரு பங்குதான் மிஞ்சும், அதனால்தான் கண்ணாடி மாதிரி உடைகிறது. அம்மாவின் கணக்கு ரெண்டு உழக்குக் கடலைக்கு ஒரு உழக்குத் தட்டிய வெல்லம், எடையில் பார்த்தால் கிலோ கடலைக்கு 650 கிராம் அளவில் வருகிறது. இங்கே கடையில் பளிச்சென்று மஞ்சளாக இருக்கும் வெல்லத்தை நான் தொடுவதில்லை. வெளுக்க மருந்து போட்டிருப்பார்கள். கறுத்த வெல்லம்தான். ஆனால் சென்னைக் காற்று நம் ஊர்க் காற்றில்லை. வெல்லத்தில் சீனியாக உறையாமல் கிடக்கும் சர்க்கரைகள் ஈரத்தை இழுக்கும். இங்கே ஆறியதும் டப்பாவில் போட்டு இறுக்கி மூடாவிட்டால் மறுநாள் விரலில் பிசுபிசுக்கிறது. கோவில்பட்டியில் அம்மா தாம்பாளத்தில் துணியை மூடி வைத்ததே வாரக்கணக்கில் மொறுமொறுப்பாக இருக்கும்.

சட்டி இல்லாமலும் மிட்டாய் வருகிறது என்பதால் விட்டுக்கொடுக்கிறேன் என்று எண்ணிவிட வேண்டாம். அந்தச் சட்டி இங்கே வந்தால் பரணில்தான் கிடக்கும். இந்தக் கடல் காற்றில் எண்ணெய் தடவாமல் ரெண்டு வாரம் விட்டால் துரு ஏறிவிடும். அம்மா அதை நாற்பது வருஷத்துக்கு மேலாகப் புழங்கிப் பழக்கியிருக்கிறாள். நீங்கள் தினமும் அதில் தாளிக்கிறீர்கள், அது வீணாகாது. இதைப் பெருந்தன்மை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். எனக்கு இன்னும் அந்தச் சட்டி வேண்டும்.

ஒரு சந்தேகம். சுக்கும் ஏலக்காயும் அம்மா எப்போது போடுவாள்? பாகிலேயா, இல்லை கடலையில் முதலிலேயே புரட்டி வைப்பாளா? நான் பாகில் போட்டால் ஏலக்காய் வாசனை நிற்பதேயில்லை, ஆவியோடு போய்விடுகிறது. கடலையில் புரட்டினால் சுக்கு ஒரே இடத்தில் கட்டிக்கொள்கிறது. நான் அடுப்படிக்குள் இருந்த காலத்தில் இதைக் கவனிக்கவேயில்லை. இப்போது கேட்பதற்கு உங்களைத் தவிர எனக்கு ஆள் இல்லை. இதை எழுதவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நிஜம்.

சனிக்கிழமை ராத்திரி கிளம்புகிறேன், ஞாயிறு காலையில் வந்துவிடுவேன். கடலையை மட்டும் உரித்து வெயிலில் காய வையுங்கள், வறுப்பதும் புடைப்பதும் நான் வந்து செய்கிறேன். வெல்லம் நான் கொண்டுவர மாட்டேன், அங்கேயே வாங்குங்கள். பாகு நான் வைப்பேன். அண்ணனிடமும் சொல்லிவிடுங்கள். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், பதம் பார்த்துச் சொல்லுங்கள். ஆனால் கரண்டியை என் கையிலிருந்து வாங்கக் கூடாது.