கைதட்டாத மாலைக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

ஜனவரி 27 மாலை நடந்த யூத இனப்படுகொலை நினைவேந்தல் இசை நிகழ்ச்சிக்கு, மண்டப வாசலிலேயே ஒரு வேண்டுகோள் வைத்தோம்: இசைக்கு நடுவிலும் முடிவிலும் கைதட்ட வேண்டாம். வந்தவர்கள் அதை அப்படியே காத்தார்கள். வாசித்தவர்களுக்கும் உழைத்தவர்களுக்கும் அன்று சேர வேண்டியது மட்டும் பாக்கி நின்றுவிட்டது. அந்தப் பாக்கியைத் தீர்க்கத்தான் இந்த மடல்.

முதல் நன்றி இரண்டு வயலின், ஒரு வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய கருவி), ஒரு செல்லோ வாசித்த நால்வர் குழுவுக்கு. இப்படிப்பட்ட நினைவேந்தல் என்றாலே "ஏதாவது சோகமாக வாசியுங்கள்" என்று கேட்பது வழக்கம். எங்களில் சிலரும் கேட்டோம். நால்வரும் மென்மையாக மறுத்து, பிராகாவுக்கு வடக்கே இருந்த தெரெசீன் கெட்டோவில் (நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த இடம்) எழுதப்பட்ட மூன்று படைப்புகளை எடுத்துக்கொண்டார்கள்: ஹான்ஸ் கிராசாவின் 'தனெட்ஸ்', கிடியன் கிளைனின் மூவர் இசை, விக்டர் உல்மனின் மூன்றாவது நால்வர் இசை. 'தனெட்ஸ்' என்றால் செக் மொழியில் நடனம். இவர்களைப் பலியானவர்களாக மட்டும் நினைக்காமல் இசையமைப்பாளர்களாகவும் கேளுங்கள் என்பதுதான் அவர்கள் வாதம். அது சரி என்று அன்றே தெரிந்துவிட்டது.

நிகழ்ச்சித் தாளில் இடமில்லாமல் போன விவரங்கள் இவை. தெரெசீனுக்கு ஏறத்தாழ 1,40,000 யூதர்கள் கொண்டுவரப்பட்டார்கள். சுமார் 33,000 பேர் அங்கேயே இறந்தார்கள். 90,000 பேர் அளவில் கிழக்கே இருந்த கெட்டோக்களுக்கும் கொலை முகாம்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். உல்மன் தன் நால்வர் இசையை 1943 ஜனவரியில் எழுதினார். கிளைன் தன் மூவர் இசையை 1944 அக்டோபரில் முடித்தபோது, ரயிலேற ஒன்பது நாளே இருந்தது. அக்டோபர் 16 அன்று புறப்பட்ட அதே ரயிலில் மூவரும் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கிராசாவும் உல்மனும் போனவுடனேயே கொல்லப்பட்டார்கள். 25 வயது கிளைன் அடுத்த ஜனவரியில் ஒரு நிலக்கரிச் சுரங்க முகாமில் இறந்தார். உல்மன் தன் கையெழுத்துப் பிரதிகளைத் தெரெசீனிலேயே விட்டுச் சென்றார். அவற்றை நண்பர்கள் காத்து வைத்ததால்தான் இன்று வாசிக்க முடிகிறது.

முதல் இரண்டும் மூவருக்கானவை, எனவே இரண்டாம் வயலினுக்கு வேலையில்லை. அந்த நாற்காலியை மேடையிலேயே விட்டுவைக்கலாம் என்று நினைத்தோம். "வெற்று நாற்காலி தானாக ஒரு பொருள் சொல்லத் தொடங்கிவிடும், அதை எடுத்துவிடுங்கள்" என்றார் செல்லோ கலைஞர். மூன்றாவது படைப்புக்கு முன் சத்தமில்லாமல் அதைக் கொண்டுவந்து வைத்த இளைஞருக்கு நன்றி. நாற்காலிக் கால்களுக்கு அடியில் கம்பளித் துணி ஒட்டியது அவருடைய யோசனை.

மண்டபக் காப்பாளருக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். சூடேற்றும் விசிறியின் இரைச்சல் பேச்சில் காதில் விழாது, வயோலா மெதுவாக இழைக்கும்போது அது மட்டுமே கேட்கும். அதனால் மதியம் 2 மணிக்கே சூட்டைப் போட்டு, இசைக்குப் பத்து நிமிடம் முன் விசிறியை நிறுத்தி, பலியானவர்களின் பெயர் வாசிப்பின்போது மறுபடி போட்டார். குளிர்காலத்தில் சூடேற்றிய காற்று வறண்டிருக்கும். மரம் சுருங்கும், பிரடை (தந்தியை முறுக்கும் முளை) பிடி விட்டு நழுவும், சுருதி கலையும். இதற்காகவே கருவிகளைக் காரிலிருந்து எடுத்துவந்ததும் பெட்டியைத் திறக்காமல் அரைமணி நேரம் பின்னறையில் வைத்திருந்தார்கள். உல்மனின் படைப்பு இடைநிறுத்தம் இல்லாமல் ஒரே மூச்சில் போகும். நடுவில் சுருதி சேர்க்க வாய்ப்பே கிடையாது.

மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகள் பின்பக்கம் சரிந்தவை. செல்லோ வாசிப்பவர் முன்விளிம்பில் நிமிர்ந்து உட்கார வேண்டும், சரிந்த இருக்கை அவரைப் பின்னால் இழுத்துவிடும். கைப்பிடி இல்லாத, இருக்கை தட்டையான நான்கு மர நாற்காலிகளைத் தேவாலயத்திலிருந்து தூக்கிவந்த இருவருக்கும், வழுவழுப்பான மேடையில் செல்லோவின் முனைக்கம்பி வழுக்காமலிருக்கப் பலகைத் துண்டு அறுத்துத் தந்த தச்சருக்கும் நன்றி.

மெழுகுவர்த்திகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அறுபது லட்சம் பேருக்காக ஆறு விளக்குகள். யூத வழக்கில் நினைவு மெழுகுவர்த்தி ஒருநாள் முழுவதும் எரியும், அதை ஊதி அணைப்பதில்லை. எங்கள் மண்டபமோ இரவு பூட்டப்படும். முதலில் யாருக்கும் இது தோன்றவில்லை. யூதத் தொழுகைக்கூடத்திலிருந்து வந்த பெரியவர்தான் எடுத்துச் சொன்னார். நான்கு மணி நேரம் எரியும் சிறியவற்றை, மணல் பரப்பிய இரும்புத் தட்டில், புகையுணரிக்கு நேர்கீழே வராமல் வைத்தோம். கடைசிச் சுடர் தானாக அடங்கும் வரை இரவு பத்தரை தாண்டியும் உடனிருந்த மூன்று பேருக்கு நன்றி.

பெயர் வாசித்த மாணவர்கள் ஐம்பது பெயர்களை ஐந்து நிமிடத்தில், பெயர், வயது, ஊர் என்று ஓடாமல் வாசித்தார்கள். செக் உச்சரிப்பை முந்தின வாரமே கேட்டுப் பழகியிருந்தார்கள். காதுக்கருவி அணிந்தவர்களுக்காக நால்வருக்கும் முன்னால் ஒரு மைக் வைத்து, அதைக் காதுக்கருவி இணைப்புக்கு மட்டும் கொடுத்து, ஒலிபெருக்கிக்குப் போகாமல் பார்த்துக்கொண்ட ஒலியமைப்பாளருக்கும் நன்றி.

பொங்கல் முடிந்த கையோடு முறுக்கும் அரியதரமுமாக வரத் தயாராக இருந்த நம் அக்காமாருக்குச் சிறப்பு நன்றி. கோஷர் என்ற யூத உணவு விதிப்படி சாப்பிடுவோர் வருகிறார்கள், வீட்டுப் பலகாரம் வேண்டாம் என்றபோது ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கோஷர் முத்திரையுள்ள பிஸ்கட்டுகளை உடைக்காத பொட்டலமாகவே மேசையில் அடுக்கினார்கள், வருபவர் முத்திரையைப் பார்த்துத் தானே பிரிக்கட்டும் என்று. தேநீருக்குக் காகிதக் கோப்பைதான்.

ஒரு சின்ன விஷயம். இசைத்தாள் மேல் மாட்டும் பேட்டரி விளக்குகள் நான்கு இரவல் வாங்கினோம், மூன்றுதான் திரும்பியிருக்கின்றன. யாருடைய பையிலாவது கறுப்பு நிறக் கவ்வி விளக்கு ஒன்று இருந்தால் மண்டப அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.

நன்றியுடன்,
நினைவேந்தல் ஏற்பாட்டுக் குழுவினர்
வடமேற்கு லண்டன்