ஓய்வுபெறுவோரின் அனுபவத்தைக் கேட்டு வைப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

நமது மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட அலுவலகங்களில் ஒருவர் ஓய்வுபெற்றால் பொன்னாடை போர்த்துகிறோம், தேநீர் விருந்து வைக்கிறோம், கோவைகளையும் சாவிகளையும் பாரமெடுக்கிறோம். அவர் காலமெல்லாம் வேலைக்களத்தில் கண்டு பழகியதைக் கேட்டு வைப்பதற்கு மட்டும் ஓர் ஏற்பாடும் இல்லை. 2022 டிசம்பர் 31ஆம் திகதி, 60 வயது கடந்த அரச ஊழியர் பெருந்தொகையானோர் நாடெங்கும் ஒன்றாக ஓய்வுபெற்றுச் சென்றார்கள். அவர்களோடு எவ்வளவு போயிருக்கும் என்று நினைக்கவே மனம் பதைக்கிறது.

பழையவர்களும் புதியவர்களும் மாதம் ஒருமுறை சுற்றியிருந்து, வேலையில் நடந்த சம்பவங்களைக் கதையாகவே சொல்லிக் கேட்கும் அமர்வொன்றை ஒவ்வொரு அலுவலகமும் நடத்தவேண்டும். இதுவே என் வேண்டுகோள்.

நீர்ப்பாசன வேலையில் இருந்தவன் என்பதால் அதிலிருந்தே சொல்கிறேன். குளக்கட்டின் அடியில் கசிவைக் கண்டால் அறிவிக்கவேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். 2011 ஜனவரி வெள்ளத்தில் இரவிரவாகக் கட்டில் நின்ற ஒரு வேலையாள், தன் அனுபவத்தை எங்களுக்கு ஒருநாள் விபரமாகச் சொன்னார். கசிந்த தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி ரோச் வெளிச்சத்தில் பார்த்தபடி இருந்திருக்கிறார். தெளிவாக வந்தவரை காவல் மட்டும்தான். கலங்கி, கையில் மணல் நெருடியதும் கட்டுக்குள் மண் அரிபடுகிறது என்று விளங்கிவிட்டது. ஆட்களைக் கூப்பிட்டு, ஊற்றைச் சுற்றி மண்மூட்டை அடுக்கினார்கள். "ஏன் அண்ணன், ஊற்று வாயையே அடைச்சிருக்கலாமே?" என்று ஓர் இளம் உத்தியோகத்தர் கேட்டார். "அடைச்சா தண்ணி வேற பக்கத்தால உடைச்சிட்டுப் போயிரும் தம்பி. தண்ணிய விடணும், மண்ணத்தான் மறிக்கணும்" என்றார் அவர். அந்த இளைஞருக்கு இது இனி மறக்காது. இதையே சுற்றுநிருபத்தில் நாலாவது பந்தியாகப் போட்டிருந்தால் யார் வாசிப்பார்?

வெளிநாட்டிலும் இதைக் கண்டறிந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜெரொக்ஸ் பிரதி இயந்திரங்களைத் திருத்தும் தொழில்நுட்பவியலாளர்களோடு 1980களில் கூடத் திரிந்து ஆராய்ந்தவர் ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர். நிறுவனம் கொடுத்த கைநூலுக்கு அடங்காத பழுதுகளை, சாப்பாட்டு வேளையில் ஒருவருக்கொருவர் சொன்ன கதைகளைக் கொண்டே அவர்கள் பிடித்தார்கள் என்று அவர் எழுதினார். வீண்பேச்சாகத் தெரிந்ததே அவர்களுக்குப் பாடசாலையாக இருந்திருக்கிறது.

நம் ஊருக்கு இது இன்னும் அவசியம். மாரி வெள்ளம் கடலுக்கு ஓட, வாவி வாயை மறித்திருக்கும் மணல்திட்டை வெட்டித் திறப்பதை, அதாவது முகத்துவாரம் வெட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். பிந்தினால் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வயல்கள் தாழும். முந்தினால் வாவியை நம்பிய மீனவர்களின் தொழில் கெடும். எந்த நேரத்தில் வெட்டுவது என்பதை அளவுகோல் மட்டும் சொல்லிவிடாது. முன்பு வெட்டிய வருடங்களில் என்ன நடந்தது என்று கண்டவர்களிடம் கேட்கவேண்டும். 1978 நவம்பர் 23 சூறாவளிக்குப் பிறகு பாதை திறந்தவர்கள், மின்கம்பம் நட்டவர்கள் எல்லோரும் எப்போதோ சேவையை விட்டுப் போய்விட்டார்கள்.

அமர்வை நடத்தும் விதத்தில் கவனம் வேண்டும். "உங்கள் அனுபவத்தால் கற்றது என்ன?" என்று கேட்டால் மனிதர் மேடைப்பேச்சுப் பேசத் தொடங்கிவிடுவார். "அன்றைக்கு முதலில் எதைப் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள், கதை தானாக வரும். மேலதிகாரி தலைமை தாங்கக்கூடாது. வந்தால் மற்றவர்களோடு ஒருவராக இருக்கட்டும். தவறிய கதையைச் சொன்னவருக்கு அதனால் விசாரணையோ இடமாற்றமோ வராது என்ற உறுதியைத் தராமல் இதைத் தொடங்கவே வேண்டாம். நினைவு பிசகும் என்பதால், சொன்ன திகதிகளையும் நீர்மட்டங்களையும் ஒருவர் பதிவேட்டோடு ஒப்பிட்டுக் குறித்து வைக்கலாம். யுத்தகால அனுபவங்களை யாரையும் வற்புறுத்திக் கேட்பது கூடாது. அம்பாறையில் சிங்களம் பேசும் ஊழியர்களும் இருப்பதால், மொழிபெயர்க்கக்கூடிய ஒருவரைப் பக்கத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

பணமும் பெரிதாகத் தேவையில்லை. ஐப்பசி மாரிக்கு முன்னதாக, நீர்ப்பாசனம், கமநலம், பிரதேச செயலகங்கள் சேர்ந்து முகத்துவாரம் பற்றியே முதல் அமர்வை வைக்கலாம். வயல்வெளிகளின் தண்ணீரைக் கவனிக்கும் வட்டை விதானைகளையும் மீனவர் சங்கத்தினரையும் அழையுங்கள். ஓய்வுபெற்ற எங்களுக்கும் சொல்லியனுப்பினால் வருவோம்.

ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்,
களுவாஞ்சிகுடி.