ஓரக் குழிகள்

நாகமலை புதுக்கோட்டை,
மதுரை.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்ததில் மகிழ்ச்சி. மருந்து ஆலையிலிருந்து ஓய்வு பெற்றும் நீ சேர்மங்களை விட்டபாடில்லை. நூற்றுக்கணக்கான சேர்மங்களை உயிருள்ள செல்களில் இட்டு மருந்துக்கான தடயம் தேடும் வேலை எங்கள் கல்லூரி போன்ற இடங்களில் நடக்குமா என்று கேட்டிருந்தாய்.

நடக்கும். சேர்மங்கள் கிடைக்காது என்ற காலம் போய்விட்டது. மலேரியா மருந்துகளுக்கான எம்.எம்.வி. அமைப்பு 2011-இலேயே 400 சேர்மங்கள் கொண்ட பெட்டியை ஆய்வாளர்களுக்கு இலவசமாக வழங்கியது. ரோபோவும் வேண்டாம், 96 சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் பிளேட்டில் செல்களையும் சேர்மங்களையும் இட, ஒரே நேரத்தில் எட்டுக் குழிகளுக்குத் திரவத்தை அளந்து விடும் எட்டு முனைப் பிப்பெட் போதும். நீல நிற ரெசாசுரின் சாயத்தை உயிருள்ள செல்கள் ரோஸ் மில்க் நிறத்துக்கு மாற்றிவிடும். செல்கள் செத்த குழி நீலமாகவே நிற்கும். அளந்து பார்க்க, ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் உள்ள, குழிகளின் நிற அடர்த்தியை அளக்கும் எலைசா ரீடரே போதுமானது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. சென்ற சித்திரையில் மாணவி ஒருத்தி, செல்லைக் கொல்லும் சேர்மங்கள் பல கிடைத்துவிட்டன என்று ஓடி வந்தாள். பிளேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்: நீலக் குழிகள் அத்தனையும் சட்டம் போட்டாற்போல் நான்கு ஓரங்களிலும் நின்றன. செல்களை வெதுவெதுப்பில் வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டியில் ஈரம் காக்கும் தண்ணீர்த் தட்டு வற்றிப்போய், ஓரக் குழிகளில் நீர் ஆவியாகி, செல்கள் உப்பேறிச் செத்திருந்தன. (அவள் முகத்தைப் பார்க்க எனக்கே மனம் வரவில்லை.) இப்போது 96 குழிகளில் ஓரத்திலுள்ள 36-இல் வெறும் நீரை நிரப்பி, உள்ளே இருக்கும் 60-இல் பத்தை ஒப்பீட்டுக்கு ஒதுக்கிவிடுகிறோம், ஆகவே 400 சேர்மங்களுக்கு எட்டு பிளேட், மும்முறை செய்தால் இருபத்து நான்கு.

அதைவிடக் கடினம், பொங்கல் விடுமுறையென்றும் பாராமல் இரண்டு மூன்று நாளுக்கொரு முறை செல்கள் வளரும் ஊட்டத் திரவத்தை மாற்றுவது. ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே இந்தப் பாட்டைப் படுவதைவிட, மதுரையில் ஒரே இடத்தில் செல்களைத் திரவ நைட்ரஜனில் பேணி, மற்றவர்கள் தங்கள் சேர்மங்களோடு வந்து சோதித்துப் போவதே நல்லது என்பது என் எண்ணம்.

உன்னிடம் ஓர் உதவி வேண்டும். சில சேர்மங்கள் செல்லே இல்லாத குழியிலும் சாயத்தைத் தாமே சிவக்க வைத்து, செத்த செல்லை உயிரோடிருப்பதாகக் காட்டிவிடுகின்றன. அப்படிச் சிவந்த ஏழின் அமைப்புப் படங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். எவை இயல்பிலேயே அப்படிப்பட்டவை, எவை எங்கள் கைப்பிழை என்று பார்த்து எழுது.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்