மூச்சை எண்ணப் பழகிய தாய்மார்

கொக்கட்டிச்சோலை,
தை மாதம்.

அன்புள்ள தோழிக்கு,

திருக்கோவிலில் நீ நடத்தும் பாலர் பாடசாலைக்கு வரும் தாய்மாருக்குப் பிள்ளைகளின் நோயைப் பற்றி என்ன சொல்லலாம் என்று கேட்டிருந்தாய். மிட்வைஃப் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், கிளினிக் நாள்களில் விறாந்தையில் பாய் விரித்து, இளந்தாய்மார் ஏழெட்டுப் பேருடன் நான் பேசிக்கொண்டிருப்பதும் இதைத்தான்.

பால் குடிக்க முடியாமை, குடித்ததெல்லாம் வாந்தியாகப் போதல், வலிப்பு, எழுப்பினாலும் எழும்பாத சோர்வு ஆகியவை ஆபத்து என்பதை அவர்கள் உடனே ஒப்புக்கொள்கிறார்கள். மூச்சைத்தான் பழக்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அழாமல் கிடக்கும் பிள்ளையின் சட்டையை உயர்த்தி, வயிறு எழும்பி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த சிசுவுக்கு 60, அதற்கு மேல் ஒரு வயது வரை 50, பிறகு ஐந்து வயது வரை 40 என்ற அளவை எட்டினாலோ, மூச்செடுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலோ, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மார்கழியில் எட்டு மாதக் குழந்தையின் தாயொருத்தி, கைபேசியைத் தலையணையில் சாய்த்து வைத்து இரண்டு தடவை எண்ணியிருக்கிறாள். சளிதான், எண்ணெய் பூசினால் இறங்கிவிடும் என்று மாமியார் சொல்லியிருக்கிறார். முன்பென்றால் “பிள்ளை ஒரு மாதிரிக் கிடக்கு” என்று முணுமுணுத்துவிட்டு அடங்கியிருப்பாள். அன்று “ஐம்பத்தெட்டு, மாமி” என்றாளாம். மாமியாரே ஓட்டோவுக்கு ஆளனுப்பினார். நியுமோனியா என்று வாட்டில் மறித்து, ஐந்தாம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்த ‘ஒரு மாதிரி’ என்ற சொல்லை நானும் ஒரு காலத்தில் மதிக்கவில்லை என்பதை உன்னிடம் ஒளிப்பானேன்? வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிறந்து மூன்று கிழமையான பிள்ளையுடன் வந்த தாயை, காய்ச்சல் இல்லையே என்று திருப்பி அனுப்பினேன். அன்றிரவே அந்தப் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டது, ஆனால் அந்தத் தாய் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை.

மாரி காலத்தில் டெங்கைப் பற்றியும் சொல். காய்ச்சல் விட்டது என்று வீடே ஆறுதலடையும் அந்த ஓரிரு நாள்களில்தான், வயிற்று நோ, ஓயாத வாந்தி, கைகால் குளிர்தல், மூத்திரம் குறைதல் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும்.

பங்குனியில் வரும்போது, செக்கன் முள் ஓடுகிற பழைய மணிக்கூடு ஏதும் கிடந்தால் கொண்டு வா. போனில் சார்ஜ் இல்லாத வீடுகளும் இங்கே இருக்கின்றன.

அன்புடன்,
உன் தோழி