ரெண்டே நிமிஷம்

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதுவது.

நேற்று போனில் நீ சொன்னதே மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. விழாவில் கவிதை வாசிக்கக் கூப்பிட்டுவிட்டு, "ரெண்டே நிமிஷம், சீக்கிரம் முடிச்சிடுங்க" என்று காதோரம் சொன்னார்களாம். முன்வரிசையில் பாதிப் பேர் செல்போனில் மூழ்கியிருந்தார்களாம். "இந்தக் காலத்துல கவிஞருக்கு என்னப்பா வேலை?" என்று கேட்டாய். எனக்குப் பதில் எப்போதும் ராத்திரி படுத்த பிறகுதான் வரும்.

மேடை என்றைக்குக் கவிஞருக்குத் தோதாக இருந்தது, கண்ணு? 1961 ஜனவரியில் அமெரிக்க அதிபர் கென்னடி பதவியேற்பு விழாவுக்கு 86 வயதுக் கவிஞர் ராபர்ட் ஃபிராஸ்டை அழைத்திருந்தார்கள். அதற்கென்றே புதிதாக ஒன்று எழுதிக்கொண்டு போனார். பனியில் பட்டுத் தெறித்த வெயிலில் தாளைப் படிக்க முடியவில்லை. துணை அதிபர் ஜான்சன் தொப்பியைப் பிடித்து நிழல் கொடுத்துப் பார்த்தார், பலனில்லை. கடைசியில் நெஞ்சில் கிடந்த ஒரு பழைய கவிதையைச் சொன்னார். விழாவுக்காகச் செய்தது போயிற்று, மனப்பாடமானது நின்றது. எனக்கென்னவோ அந்த வெயில்மேல் கோபமே வருவதில்லை.

ரஷ்யக் கவிஞர் அன்னா அக்மதோவாவுக்கு அந்த மேடையும் கிடையாது. ஸ்டாலின் காலம். மகன் சிறையில். லெனின்கிராடில் சிறைவாசல் வரிசைகளில் 17 மாதம் நின்றார். பின்னால் நின்ற, உதடு நீலம் பாரித்த ஒரு பெண், "இதை உங்களால் எழுத முடியுமா?" என்று கிசுகிசுத்தாள். "முடியும்" என்றார்.

எழுதினார். ஆனால் வீட்டில் வைத்திருந்தால் ஆபத்து. பார்க்க வரும் தோழியிடம் துண்டுத்தாளை நீட்டுவார். சுவருக்கும் காது உண்டல்லவா, அதனால் வாய் மட்டும் "டீ குடிக்கிறீர்களா?" என்கிற மாதிரி சத்தமாக எதையாவது பேசும். தோழி மனசுக்குள் படித்து ஏற்றிக்கொண்டு திருப்பித் தருவார். தாள் சாம்பல் கிண்ணத்தில் எரியும். அப்படிச் சிலர் தலைக்குள்ளேயே பிழைத்துக் கிடந்த கவிதை, அவர் நாட்டில் அச்சானது 1987-இல். அவர் இறந்து 21 வருஷம் கழித்து.

சரி, முன்வரிசையை விடு. விழா முடிந்ததும் ஒரு பெண் வந்து நாலு வரியை மட்டும் எழுதித் தரச் சொன்னாள் என்றாயே! அதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு, செல்போன் கதையை அரைமணி நேரம் சொன்னாய். எழுதிக் கொடுத்தாயா? அவள் பெயராவது கேட்டாயா?

அந்த நாலு வரி எவை என்று எனக்கு எழுது. உன் கவிதையின் மூன்றாவது பத்தியில் உள்ளவை அல்ல என்று நினைக்கிறேன். அது கொஞ்சம் இழுக்கிறது.

அன்புடன்,
அப்பா